மாட்யூல் இல்லை என்கிறதா? எந்த பைதான் சொல்கிறது?

கேள்வி: ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தை, பைதானின் நிறுவும் கருவியான பிப் மூலம் நிறுவினேன். வெற்றி என்றே வந்தது. நிரலை ஓட்டினால் 'மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்'. கணினியில் பைதான் 3.8, 3.11 இரண்டும் உண்டு.

பதில்: இரண்டு செய்தியும் உண்மைதான். ஒவ்வொரு பதிப்புக்கும் நிறுவிய நூலகங்கள் தங்கும் தனி சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டர் உண்டு. உங்கள் பிப் 3.8-இல் போட்டிருக்கும், நிரலை ஓட்டுவது 3.11.

ஊகிக்காமல் சோதித்துப் பாருங்கள். நிரலின் முதல் வரிகளில் சிஸ்.எக்ஸிக்யூட்டபிளை பிரிண்ட் செய்யுங்கள். ஓடுகிற பைதானின் முழுப் பாதை தெரியும். அடுத்து டெர்மினலில் 'பிப் --வெர்ஷன்'. வரும் வரியின் கடைசியில் அந்த பிப் எந்தப் பதிப்புக்கு உரியது என்று இருக்கும். இரண்டும் பொருந்தவில்லையா, கோளாறு அதுதான். இனி வெறும் பிப் வேண்டாம், 'பைதான்3.11 -எம் பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்' என்று பதிப்பைச் சொல்லியே நிறுவுங்கள். விண்டோஸில் 'பை -3.11 -எம் பிப்'. என்னென்ன பதிப்புகள் இருக்கின்றன என்பதை 'பை -0' காட்டும்.

கேள்வி: 3.8-இன் சைட்-பேக்கேஜஸை அப்படியே 3.11-க்கு காப்பி செய்தால் போதாதா?

பதில்: செய்யாதீர்கள். நம்பை போன்ற நூலகங்களில் சி மொழியிலிருந்து கம்பைல் செய்த பகுதிகள் அந்தந்தப் பதிப்புக்கென்றே கட்டப்பட்டவை. பிழை இன்னும் குழப்பமாக வரும்.

கேள்வி: ஓபன்சிவி-பைதான் நிறுவியாயிற்று, 'இம்போர்ட் ஓபன்சிவி' ஏற்கவில்லை.

பதில்: 'இம்போர்ட் சிவி2'. நிறுவும் பெயரும் இம்போர்ட் பெயரும் வேறு.

கேள்வி: உபுண்டுவில் பைதான்3 என்றாலே புதிய பதிப்பு ஓடும்படி லிங்கை மாற்றிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. சிஸ்டம் கருவிகள் பல அந்த பைதானை நம்பியிருக்கின்றன. மாற்றினால் 'ஏப்ட்_பிகேஜி மாட்யூல் இல்லை' என்று அவையே நின்றுபோகும். புதியதைப் பக்கத்தில் நிறுவி, பதிப்பு எண்ணோடு கூப்பிடுங்கள்.

கேள்வி: 3.10, 3.12 இருக்கின்றன. பாண்டாஸ் நிறுவியும் இல்லை என்கிறது.

பதில்: முதல் பதில்.

கேள்வி: டெபியன் 12 பிப்பைத் தடுக்கிறது. தடையை மீறும் 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' போட்டே ஓட்டுகிறேன், எதுவும் உடையவில்லை. என் கணினி, என் விருப்பம்.

பதில்: விருப்பம் உங்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) போட்டால் அது யூஎஸ்ஆர்/லோக்கலில் போய் உட்கார்கிறது. டெபியனின் நிறுவும் கருவியான ஏப்ட் நூலகங்களைப் போடும் இடத்துக்கு முன்பே, பைதான் அங்கே தேடும். ஏப்ட் தந்த நூலகத்தை உங்கள் புதிய பதிப்பு மறைத்துவிடும். உடைவது இன்றைக்கே தெரிய வேண்டும் என்பதில்லை. ப்ராஜெக்டுக்கு ஒரு வென்வ் (அதற்கென்றே தனி பைதான் சூழல்) போடுங்கள்.

கேள்வி: (வேறொருவர்) வென்வ் வென்வ் என்கிறீர்கள். டார்ச் பெரிய நூலகம்; பத்து ப்ராஜெக்டில் பத்து டார்ச் என்றால் டிஸ்க் என்னாவது?

பதில்: நியாயமான குறை. பிப்புக்கு மாற்றான யூவி கருவியைப் பாருங்கள்: ஒரே கேஷில் (பொதுச் சேமிப்பில்) உள்ள கோப்புகளையே எல்லா வென்வும் பகிர்ந்துகொள்வதால், ஒரே டிஸ்கில் இருக்கும்வரை இடம் பெருகாது. சூடோ பிப்புக்கு அது சாக்கு ஆகாது.

கேள்வி: ஜூபிட்டர் நோட்புக்கில் மட்டும் மாட்யூல் இல்லை.

பதில்: நோட்புக்கின் நிரலை ஓட்டும் கெர்னல் வேறு பைதான். செல்லிலேயே '%பிப் இன்ஸ்டால்' கொடுங்கள். மற்றபடி முதல் பதிலேதான்.

கேள்வி: எல்லாம் சரிபார்த்தேன், பாதையும் சரி. 3.12-இல் டிஸ்டுயூட்டில்ஸ் மட்டும் இல்லை.

பதில்: சோதித்துவிட்டு வந்ததற்கு நன்றி. இது பாதைச் சிக்கலே அல்ல. பைதானோடு கூடவே வந்த அதை 3.12-இல் நீக்கிவிட்டார்கள். அந்தப் பதிப்பிலேயே செட்டப்டூல்ஸை நிறுவினால் இப்போதைக்கு ஓடும். நிரல் உங்களுடையது என்றால் அந்த இம்போர்ட்டையே எடுத்துவிடுங்கள்.