ஆறு மதிப்பெண்ணும் ஒரே மட்டத்தில் வந்தால்

வணக்கம். பிளஸ் ஒன் மாணவிக்கு ஹாலண்ட் ஆர்வத் தேர்வில் (செய்முறை, ஆராய்ச்சி, கலை, சேவை, தொழில்முனைவு, அலுவலக ஒழுங்கு என்று தொழில் ஆர்வத்தை ஆறு வகையாக அளப்பது) ஆறு வகைக்கும் 50க்கு 12 முதல் 15தான் வந்திருக்கிறது, எந்தப் படிப்பைச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு எதையும் சொல்லாதீர்கள். உச்சத்துக்கும் அடிக்கும் இடைவெளி 3தான். நாளை மறுபடி எழுதினாலே வரிசை மாறிவிடலாம். அதிக மதிப்பெண் வந்த மூன்று வகைகளின் குறியெழுத்துகளை வைத்துத் தொழில் பட்டியலில் தேடுவது வீண்.

ஆறும் உயர்ந்து நின்றால் பல ஆர்வங்கள் என்று கொள்ளலாம். தாழ்ந்து நின்றால் பெரும்பாலும் அனுபவக் குறைவு, சில நேரம் மனச்சோர்வு. அதனால் தூக்கம், பசி, வீட்டு நிலைமையை முதலில் விசாரியுங்கள்.

பிறகு விடைத்தாளை நடுவில் வைத்து, ‘பிடிக்காது’ என்று குறித்த வரிகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மோட்டார் பழுதுபார்ப்பதைத் தள்ளியது நிஜமாகவே பிடிக்காமலா, செய்தே பார்க்காததாலா, ‘அது ஆம்பளை வேலை’ என்றா? மூன்றாவதை லேசாக விடாதீர்கள். 6–8 வயதிலேயே பிள்ளைகள் பாலினம் பார்த்துத் தொழில்களைக் கழிக்கத் தொடங்குவதை உளவியலாளர் லிண்டா காட்ஃப்ரெட்சன் 1981இல் விளக்கியிருக்கிறார். அப்படிக் கழித்தவற்றைத் தனித் தாளில் எழுதி, அந்த வேலையைச் செய்யும் பெண்ணோடு பேச வையுங்கள்.

செய்தே பார்க்காதவை என்றால் பட்டறை, ஆய்வகம், கணக்கு அலுவலகம் என்று அரை அரை நாள் உட்கார வையுங்கள். மறுதேர்வு அதற்குப் பிறகுதான்.