பூநாரைக்கு இது மாதமில்லை

கேள்வி: நாங்கள் திருவொற்றியூரில் இருக்கிறோம். காலாண்டு விடுமுறையில் பிள்ளைகள் இரண்டு பேரையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்கு ஒரு நாள் போய்வரலாம் என்று எண்ணம். தீவு மாதிரி, கூட்டமில்லாத இடமாக இருந்தால் நல்லது. பூநாரை பார்த்தே தீர வேண்டும் என்று சின்னவள் அடம்பிடிக்கிறாள். புரட்டாசியில் போகலாமா சார்? படகில் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் பூநாரை அநேகமாக இருக்காது என்பதைக் கிளம்பும் முன்பே சின்னவளிடம் சொல்லிவிடுங்கள். அங்கே போய் அழவிட வேண்டாம்.

பூநாரை தலையைக் கவிழ்த்து அலகைத் தண்ணீருக்குள் விட்டு, சேற்றுநீரை உறிஞ்சி வடிகட்டித் தின்னும் பறவை. அதற்கு ஆழமில்லாத, இரை மிகுந்த தண்ணீர் பரந்து கிடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் ஆந்திரப் பக்கத்துக் காளங்கியும் சுவர்ணமுகியும் கொண்டுவரும் வெள்ளம் ஏரியில் பரவி அடங்கிய பிறகுதான் அது கூட்டமாக வரும். மார்கழி, தை மாதங்களில் தடா, சூலூர்பேட்டை பக்கம் போனால் ஆசை தீரப் பார்க்கலாம்.

புரட்டாசியில் வருகிறவை வேறு. உள்ளான், உப்புக்கொத்தி என்று சின்னச் சின்ன வலசைப் பறவைகள் வடக்கே குளிர்நாடுகளிலிருந்து வந்து இறங்கத் தொடங்கியிருக்கும். சேற்றின் நிறத்திலேயே இருப்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. பத்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்தால், சேறு நகர்கிற மாதிரி இருக்கும். உப்புக்கொத்தி நாலு அடி குடுகுடுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். என்னைக் கேட்டால், தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும் பூநாரையைவிடப் பிள்ளைகளுக்கு இதுதான் நல்ல வேடிக்கை. தண்ணீர் வற்றும் நேரத்தில்தான் சேறு வெளியே தெரியும். அது எப்போது என்று கரையில் வலை பிரிக்கும் மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களையும் பார்க்கலாம். கை இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால், பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.

தீவுக்கு எங்கேயும் தேடிப் போக வேண்டியதில்லை. பழவேற்காட்டு ஊரிலிருந்து பாலத்தைத் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கடல், நடுவில் மணல். தெற்கே எண்ணூர் கழிமுகம் வரை நீளும் காட்டுப்பள்ளித் தீவின் வடகோடி அது. அந்தக் கடலில் கால் நனைப்பதோடு சரி. முகத்துவாரம் பக்கத்தில் நீரோட்டம் இழுக்கும். ஸ்ரீஹரிகோட்டாவும் தீவுதான், ஆனால் ராக்கெட் ஏவுதளம் இருப்பதால் நினைத்தபடி உள்ளே போக முடியாது.

படகு வேண்டவே வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் உல்லாசச் சவாரிக்குத் தடை வந்தது. இருந்தாலும் கரையில் நின்றால், "முகத்துவாரம் வரைக்கும் போய்ட்டு வந்துரலாம் சார்" என்று யாராவது கூப்பிடக்கூடும். லைஃப் ஜாக்கெட் எங்கே என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "இடுப்பளவு தண்ணிதான் சார்" என்று பதில் வந்தது. ஏரி பெரும்பாலும் ஆழமில்லாததுதான், ஆனால் முகத்துவாரம் அப்படியில்லை.

திருவொற்றியூரிலேயே கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்துப் பொன்னேரியில் இறங்குங்கள், அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ். ஏழரைக்குள் கரையில் இருக்கும்படி கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது, பறவையும் அடங்கிவிடும். கழிப்பறை வேலையைப் பொன்னேரியிலேயே முடித்துக்கொள்வது நல்லது, அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. ஊரில் கிடைப்பது பெரும்பாலும் மீன் சாப்பாடு. நீங்கள் புரட்டாசிக்கு விரதமென்றால் புளிச்சோறும் தயிர்சாதமும் கட்டிக்கொள்ளுங்கள், தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில். பைனாகுலர் வாங்குவதானால் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் பிள்ளைகள் கையில் படம் ஆடும்.

வெயில் ஏறியதும் ஊருக்குள் வந்துவிடுங்கள். சனிக்கிழமையாக இருந்தால் அம்மாவுக்கு ஆதிநாராயணப் பெருமாள் கோவில். செம்புரைக்கல்லில் பொடிப்பொடியாக ராமாயணக் காட்சிகள் செதுக்கியிருப்பார்கள். கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசலில் இருபுறமும் எலும்புக்கூடு சிற்பம் நிற்கும், அதைப் பார்த்ததும் பூநாரையை மறந்துவிடுவார்கள். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கோட்டையில் இப்போது புதரும் செங்கல்லும்தான் மிச்சம், அதற்காக அலைய வேண்டாம்.

புரட்டாசியில் மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து சாயங்காலம் இடியோடு வரும். மூன்று மணிக்கு மேல் மேற்கே கறுத்தால் மணலில் நிற்காதீர்கள், பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடையைக் கட்டுங்கள்.