வறண்ட ஊர்க்காரர் வலித்த படகு: கேள்வி பதில்

ராணுவத்தில் இருந்தபோது 12 வருஷம் போட்டிப் படகு வலித்தேன். இப்போது தண்டையார்பேட்டையில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிறேன். துடுப்புப் படகுப் போட்டியைப் பற்றியும் ஒலிம்பிக் போன துடுப்பு வீரர் தத்து போகனாலைப் பற்றியும் நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

காசிமேடு, கல்லூரி மாணவர்: ஒலிம்பிக் போன துடுப்பு வீரர் தண்ணியே இல்லாத ஊர்க்காரராமே, நிஜமா அண்ணா?

நிஜம் தம்பி. தத்து பபன் போகனாலுக்கு மகாராஷ்டிராவில் நாசிக் மாவட்டம், சாந்த்வட் பக்கத்துக் கிராமம். மழை ஏமாற்றிவிட்டால் குடிதண்ணிக்கே திண்டாடும் பகுதி. அப்பா கிணறு வெட்டப் போனவர், பையனும் கூடப் போயிருக்கிறார். பூமிக்கடியில் தண்ணி தேடிப் பிழைத்த வீடு அது. அப்பா இறந்த பிறகு குடும்பம் இவர் தலையில் விழுந்தது. பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்தார், 2012-ல் ராணுவத்தில் சேர்ந்தார். நல்ல உயரம், நீளமான கை கால். அதைப் பார்த்துத்தான் பயிற்சியாளர் இவரைப் படகில் உட்கார வைத்தார்.

அப்புறம் நாலே வருஷம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் துடுப்புப் படகுக்கு இந்தியாவிலிருந்து போனவர் இவர் ஒருவர்தான். ஒற்றையரில் 13-வது இடம். அந்த நேரத்தில் அம்மா விபத்தில் அடிபட்டு நினைவிழந்து கிடந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 13 தானே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2000 மீட்டரைத் தனி ஆளாக 7 நிமிஷத்துக்குள் வலித்து முடிப்பது என்னவென்று, 500 மீட்டரில் மூச்சு முட்டி நின்றவனுக்குத்தான் தெரியும்.

திருவொற்றியூர், பள்ளி விளையாட்டு ஆசிரியர்: இந்தோனேசியாவில் தோற்ற மறுநாளே தங்கம் வாங்கினார் என்கிறார்களே, எப்படி சார்?

2018 ஆசிய விளையாட்டு சார். ஒற்றையர் இறுதிப் போட்டிக்குக் காய்ச்சலோடு இறங்கினார். ஆறு படகில் ஆறாவதாக வந்தார். மறுநாள் நால்வர் படகு. சவரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங், கூட இவர். 6 நிமிஷம் 17.13 விநாடியில் தங்கம்.

நால்வர் படகில் ஆளுக்கு இரண்டு துடுப்பு, மொத்தம் எட்டு. எட்டும் ஒரே நொடியில் தண்ணிக்குள் இறங்கி ஒரே நொடியில் வெளியே வர வேண்டும். ஒருவர் சோர்ந்தால் அது மற்ற மூவரின் முதுகிலும் தெரியும். உடம்பு முடியாத ஆளை நம்பி அந்த மூவரும் உட்கார்ந்தார்கள், அவரும் ஈடுகொடுத்தார். எனக்கு அந்தத் தங்கத்தில் பெரிய விஷயம் அதுதான். 2020-ல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.

ராயபுரம், மீனவர்: என் பையன் பத்து வயசிலிருந்து துடுப்பு போடுறான். அவனுக்கு இது சுலபமா வருமா?

தண்ணிப் பயம் இருக்காது, அது பெரிய லாபம். ஆனால் துடுப்பு போடும் பழக்கத்தை முதலில் மறக்கணும் அண்ணே. கட்டுமரத்தில் போகிற திசையைப் பார்த்து வலிக்கிறோம். இதில் எல்லைக்கோட்டுக்கு முதுகைக் காட்டி உட்காரணும். உட்காரும் பலகைக்குச் சக்கரம் உண்டு, முன்னும் பின்னும் ஓடும். பாதத்தைச் செருப்பு மாதிரி ஒன்றில் மாட்டி, முழங்கால் நெஞ்சைத் தொடுமளவு மடக்கி, காலால் உதைத்துப் பின்னே தள்ளணும். அப்புறம் முதுகு, கடைசியாகத்தான் கை. பாதிக்கு மேல் வேலை காலுக்கு.

படகும் நம்ம ஃபைபர் போட் மாதிரி இல்லை. ஒற்றையர் படகு சுமார் 8 மீட்டர் நீளம், எடை வெறும் 14 கிலோ. உட்கார்ந்தால் இடுப்பு அளவுக்குத்தான் இடம் இருக்கும். ஒரு துடுப்பைக் கைவிட்டால் அடுத்த நொடி தண்ணிக்குள்தான். நான் முதல் வாரம் ஒருநாள் பாக்கி இல்லாமல் கவிழ்ந்தேன். கையில் கொப்புளம் உடைந்து, காய்ந்து, மறுபடி உடைந்து, மூன்றாவது மாதம்தான் தோல் தடித்தது.

எண்ணூர்: எங்க முகத்துவாரத்திலேயே பழகலாமா?

இப்போதைக்கு வேண்டாம். கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் போய்விட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து படிந்ததை நீங்களே பார்த்தீர்கள். 1867-ல் தொடங்கிய படகு மன்றம் அடையாற்றில் நடக்கிறது. நம் ஆற்றுக்கும் அந்த வாய்ப்பு கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

புதுவண்ணாரப்பேட்டை, ஒரு அம்மா: பையனுக்குச் சர்க்கரை இருக்கு. இவ்வளவு கடுமையான விளையாட்டு ஆகுமா?

மருத்துவர் சொல்கிறபடிதான் நடக்கணும் அக்கா. ஆனால் இங்கிலாந்தின் துடுப்பு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவைத் தெரிந்துகொள்ளுங்கள். 1984 முதல் தொடர்ந்து நாலு ஒலிம்பிக்கில் தங்கம். 1997-ல் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டே பயிற்சி செய்து, 2000-ல் சிட்னியில் 38 வயசில் ஐந்தாவது தங்கம் வாங்கினார். பையனிடம் இதைச் சொல்லுங்கள்.

காசிமேடு, படகில் போகும் இளைஞர்: கடலில் நடக்கிற போட்டி எதுவும் இல்லையா அண்ணா?

இருக்கு தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கடற்கரை விரைவோட்டம் என்ற துடுப்புப் போட்டி முதல்முறையாகச் சேர்கிறது. மணலில் ஓடி, அலையில் நிற்கும் படகில் தாவி ஏறி, மிதவைகளை வளைந்து வளைந்து கடந்து 250 மீட்டர் கடலுக்குள் போய், திரும்பி நேராகக் கரைக்கு வலித்து, குதித்து ஓடி முடிவிடத்தில் இருக்கும் பொத்தானை அடிக்கணும். ஆண் ஒற்றையர், பெண் ஒற்றையர், கலப்பு இரட்டையர் என மூன்று போட்டி.

எந்த அலையை விடணும், எந்த இடைவெளியில் படகை இறக்கணும் என்று உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தெண்டி, வண்ணி என்று நீரோட்டம் பார்த்து வளர்ந்தவன் நீ. ஏரியில் பழகியவர்கள் இதைப் படிக்கவே வருஷக்கணக்கு ஆகும். உனக்கு வேண்டியது காலின் பலமும் வலிக்கும் முறையும். அதைக் கரையில் இருக்கும் பயிற்சி இயந்திரத்திலேயே கற்றுக்கொள்ளலாம்.

கொருக்குப்பேட்டை, பத்தாம் வகுப்பு மாணவி: என் உயரம் 5 அடி 1 அங்குலம். நான் வரலாமா?

வாம்மா. எண்மர் படகில் துடுப்பே தொடாமல் பின்னால் உட்கார்ந்து திசை திருப்பி, எட்டுப் பேரையும் குரலால் ஓட்டுகிறவர் ஒருவர் உண்டு. அந்த இடத்துக்குக் குள்ளமான, எடை குறைந்த, குரல் கணீரென்று இருக்கும் ஆளைத்தான் தேடுவார்கள். முதலில் நீச்சல் கற்றுக்கொள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, பேசலாம்.