675-ஆ, 765-ஆ? பழைய ஸ்ட்ரீட் டிரிப்பிள் வாங்கப் போகிறவருக்கு

கேள்வி: சேலத்தில் இருக்கிறேன். ஐந்து வருடமாக டியூக் 390 ஓட்டுகிறேன். உயரம் ஐந்தடி ஆறங்குலம். தினமும் ஆபீஸுக்கு 20 கி.மீ., மாதம் இரண்டு முறை ஏற்காடு அல்லது கொல்லிமலை. செகண்ட் ஹேண்டில் மூன்று டிரையம்ஃப் ஸ்ட்ரீட் டிரிப்பிள் பார்த்து வைத்திருக்கிறேன்: 2014-ஆம் வருட 675, 2018-ஆம் வருட 765 எஸ், 2020-ஆம் வருட 765 ஆர்.எஸ். "சி.சி. மட்டும்தான் கூடியிருக்கு, மத்தபடி எல்லாம் ஒரே வண்டிதான் சார்" என்கிறார் புரோக்கர். எதை எடுக்கலாம்?

பதில்: பேரில்தான் ஒரே வண்டி. நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு குறையைச் சரிசெய்யப் பிறந்தவை. அந்தக் கதை தெரிந்தால் எதை எடுப்பது என்பது பாதி முடிவாகிவிடும்.

2000-த்தில் டிரையம்ஃப், ஜப்பான்காரர்களின் 600 சி.சி. ஸ்போர்ட்ஸ் பைக்குகளோடு நேருக்கு நேர் மோதியது. டி.டி.600 என்ற அந்த நான்கு சிலிண்டர் வண்டி எடுபடவில்லை. அவர்கள் ஆட்டத்தை அவர்கள் மைதானத்திலேயே ஆடி ஜெயிக்க முடியாது என்று ஹிங்க்லியில் இருக்கும் டிரையம்ஃப் எஞ்சினியர்களுக்குப் புரிய இன்னும் சில வருடம் ஆனது. 2006-ல் மூன்று சிலிண்டர் டேடோனா 675 வந்தது. மறு வருடமே அதன் ஃபேரிங்கை, அதாவது காற்றைக் கிழிக்கும் வெளி மூடியை, கழற்றி, நேரான ஹேண்டில்பார் போட்டு, முன்னால் இரண்டு வட்ட ஹெட்லைட் வைத்தார்கள். அதுதான் ஸ்ட்ரீட் டிரிப்பிள். (அந்த முட்டைக்கண்களைப் பின்னால் கோண வடிவத்துக்கு மாற்றியதை இன்னும் மன்னிக்காதவர்கள் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன்.)

மூன்று சிலிண்டர் என்பது வெறும் சத்தத்துக்காக இல்லை. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க்கில், பிஸ்டன்கள் இணையும் மூன்று பின்களும் 120 டிகிரி இடைவெளியில் நிற்கின்றன. அதனால் ஒவ்வொரு 240 டிகிரிக்கும் ஒரு வெடிப்பு. இரட்டை சிலிண்டரில் கிடைக்கும் கீழ் இழுப்பில் நல்ல பங்கும், நான்கு சிலிண்டரின் மேல் ஓட்டத்தில் நல்ல பங்கும் ஒரே எஞ்சினில் கிடைக்கும். டேடோனாவில் ஏறத்தாழ 123 குதிரைத் திறன் கொடுத்த எஞ்சினை, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டை மாற்றி, உச்ச ஆர்.பி.எம்.மைக் குறைத்து, இதில் 106-க்குக் கொண்டுவந்தார்கள். நஷ்டம் போலத் தெரியும். ஆனால் ரோட்டில் நாம் இருக்கும் ஆர்.பி.எம்.மில் இழுவை கூடியது.

இனி உங்கள் முதல் வண்டி. 2013-ல் வண்டியின் சட்டகமான சேஸியையே புதிதாகப் போட்டார்கள். சீட்டுக்கு அடியில் இருந்த சைலன்சர் எஞ்சினுக்குக் கீழே இறங்கியது, எடையில் சுமார் ஆறு கிலோ போனது. கனம் கீழே வந்ததால் வண்டி வளைவில் சாயும் விதமே மாறிவிட்டது. 675-களில் நல்ல சேஸி இதுதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு விஷயத்தைப் புரோக்கர் சொல்லியிருக்க மாட்டார். டிரையம்ஃப் 2013 கடைசியில் இந்தியாவுக்கு வந்தபோது இங்கே விற்ற ஸ்ட்ரீட் டிரிப்பிளின் திறன் 79 குதிரைதான். வெளிநாட்டில் 105. நம் ஊர் ஒலிச் சோதனையில் தேற வேண்டும் என்று எஞ்சினை அடக்கி வைத்திருந்தார்கள். யூடியூபில் வெள்ளைக்காரர் 675-ஐப் புகழ்வதைப் பார்த்துவிட்டு இதை வாங்கினால், அவர் ஓட்டிய வண்டி உங்களுக்குக் கிடைக்காது. முந்தைய ஓனர் எஞ்சின் மேப்பை (பெட்ரோலையும் தீப்பொறியையும் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் அமைப்பை) மாற்றியிருந்தால் யார் மாற்றினார், எதை வைத்து மாற்றினார் என்று கேளுங்கள். சைலன்சரை மட்டும் மாற்றி, "ஃபுல் பவர் சார்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

675-ல் பின் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் கன்ட்ரோல் கிடையாது, ஆக்ஸிலரேட்டரும் கேபிள்தான். அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மழைக்காலத்தில் இறங்குகிறவர் யோசித்துப் பார்க்கலாம்.

2017-ல் வந்தது பெரிய மாற்றம். போர் (சிலிண்டரின் விட்டம்) 74 மி.மீ.யிலிருந்து 78 ஆனது, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 52.3-லிருந்து 53.4. கிராங்க், பிஸ்டன், சிலிண்டர் என்று எஞ்சினுக்குள் எண்பதுக்கு மேல் புதிய பாகங்கள். கேபிள் போய் எலெக்ட்ரானிக் திராட்டில் வந்தது. இதே 765 எஞ்சினின் வழித்தோன்றல்தான் 2019-லிருந்து மோட்டோஜிபிக்கு அடுத்த நிலையான மோட்டோ2 பந்தயத்தில் எல்லா அணிக்கும் போகிறது. அந்த இடத்தில் அதுவரை இருந்தது ஹோண்டா. 765-ல் மூன்று ரகம்: எஸ்-க்கு 113, ஆர்-க்கு 118, ஆர்.எஸ்.க்கு 123 குதிரை. கேம்ஷாஃப்ட்டும் மேப்பும் கொடுக்கும் இந்த வித்தியாசத்தை நீங்கள் பெரிதாக உணரப் போவதில்லை. உணரப்போவது சஸ்பென்ஷனையும் பிரேக்கையும்தான்.

எஸ்-ன் முன் சஸ்பென்ஷனான ஃபோர்க்கில் எதையும் திருகி மாற்ற முடியாது, பிரேக் சாதாரண இரண்டு பிஸ்டன் நிஸ்ஸின். ஆர்.எஸ்.ஸில் முன்னால் ஷோவா சஸ்பென்ஷன், பின்னால் ஓலின்ஸ், பிரேக் பிரெம்போ எம்50. பேப்பரில் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் அந்த ஓலின்ஸ் ரேஸ் டிராக்கை மனதில் வைத்து அமைத்தது. சேலத்து வேகத்தடைகளில் முதுகு அதைத் தினமும் ஞாபகப்படுத்தும். ஆர்.எஸ். வாங்கினால் முதல் வேலையாக உங்கள் எடைக்கு ஸாக் (நீங்கள் உட்காரும்போது சஸ்பென்ஷன் இறங்கும் அளவு) பார்த்து, அதன் அசைவை அடக்கும் டேம்பிங்கைத் தளர்த்தி வையுங்கள். கம்பெனியில் வந்த பிரெல்லி சூப்பர்கோர்சா டயர் சில ஆயிரம் கி.மீ.யிலேயே நடுவில் தட்டையாகத் தேயும். அது தேய்ந்ததும் ஸ்போர்ட்-டூரிங் டயருக்கு மாறிவிடலாம். சீட் உயரம் எஸ்-ல் 810 மி.மீ., ஆர்.எஸ்.ஸில் 825. உங்கள் உயரத்துக்குச் சிக்னலில் சாய்வான இடத்தில் நிற்கும்போது அந்த ஒன்றரை சென்டிமீட்டர் தெரியும்.

2020 ஆர்.எஸ்.ஸில் உச்சத் திறன் அதே 123தான். ஆனால் உள்ளே சுழலும் பாகங்களின் நிலைமத்தை ஏழு சதவீதம் குறைத்து, எக்ஸாஸ்ட் கேமை மாற்றி, நடு ஆர்.பி.எம்.மில் இழுவையைக் கூட்டினார்கள். கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும் குயிக் ஷிஃப்டர், கியரைக் கீழே இறக்கவும் வேலை செய்யும், 2017 ஆர்.எஸ்.ஸில் ஏற்ற மட்டும்தான். ஏற்காட்டு இருபது வளைவில் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவில் விளையாடும்போது இந்த இரண்டும் சேர்ந்து தரும் சுகத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வளைவிலும் வேலை செய்யும் ஏ.பி.எஸ். வந்தது 2023-ல், 130 குதிரை ஆர்.எஸ்.ஸோடு. உங்கள் மூன்றிலும் அது இல்லை.

என் தேர்வு? தினமும் ஆபீஸ் என்றதால் எஸ். மிச்சமாகும் பணத்தில் நல்ல பிரேக் பேடும் ஸ்டீல் பிரேக் ஹோஸும் போட்டால் அதன் முக்கியக் குறை பாதி தீரும். ஆனால் அவசரம் இல்லையென்றால் நான்காவதாக ஒன்றைத் தேடுங்கள்: 2020-ல் இங்கே விற்பனைக்கு வந்த ஆர். 118 குதிரை, திருகக்கூடிய ஷோவா, நான்கு பிஸ்டன் பிரெம்போ, இருபக்கமும் வேலை செய்யும் குயிக் ஷிஃப்டர். ஆர்.எஸ்.ஸின் வண்ணத் திரையும் ஓலின்ஸும் இருக்காது. உங்கள் உபயோகத்துக்கு இதைவிடப் பொருத்தமான டிரிப்பிள் இல்லை. ஆர்.எஸ்.ஸில் மனம் போய்விட்டது என்றால் நான் தடுக்கவில்லை. 675 மட்டும் வேண்டாம்.

எதைப் பார்க்கப் போனாலும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வரும் முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். முதல் சில விநாடி கேட்கும் கடகடச் சத்தம் கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருடையதாக இருக்கலாம். அடுத்தது வால்வ் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் கேமுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. இதை 20,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்க்க வேண்டும். டேங்க், ஏர்பாக்ஸ் எல்லாம் கழற்றிச் செய்யும் வேலை என்பதால் பலர் தள்ளிப்போட்டு, அந்தக் கிலோமீட்டர் நெருங்கும்போது விற்றுவிடுவார்கள். பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஒரு மல்டிமீட்டரும் கொண்டு போங்கள்: ஆர்.பி.எம். ஏற்றும்போது பேட்டரியில் 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். பழைய 675-களில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ரெகுலேட்டரும் ஸ்டேட்டரும் கெட்டுப்போவது தெரிந்த விஷயம். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, அது மோதி நிற்கும் இடத்தில் பெயின்ட் உடைந்திருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டில் நுனியில் புது பார்-எண்ட் போட்டு விழுந்த கதையை மறைத்தவர்களும் அந்த இடத்தை மறந்துவிடுவார்கள்.

வேறு மாநிலப் பதிவு என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) கையில் வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்; இங்கே ஆயுள் வரியும் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். இன்னொன்று: 2023-லிருந்து இந்தியாவில் டிரையம்ஃப் விற்பனையைப் பார்ப்பது பஜாஜ். ஸ்பீட் 400-க்காக நிறைய ஊர்களில் ஷோரூம் திறந்திருக்கிறது. அங்கெல்லாம் 765-ஐத் திறந்து வேலை பார்க்கத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.