மூங்கில் தூரில் பிணவாடை: வலைக்காளானைச் சாப்பிடலாமா?

கேள்வி: ஐயா, தாம்பரத்தில் குடியிருக்கிறோம். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒன்றேகால் ஏக்கரில் முள் மூங்கில் வைத்து 9 வருஷம் ஆகிறது. ஐப்பசி மழை விட்டதும் தூருக்குத் தூர் கோழிமுட்டை மாதிரி வெள்ளையாக ஏதோ தலைநீட்டுகிறது. மறுநாள் காலை பார்த்தால் வலைப்பாவாடை கட்டிய காளானாக நிற்கிறது. செத்த எலி நாற்றம், ஈ மொய்க்கிறது. வேர் அழுகல் நோய் என்கிறார் காவல்காரர். சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார். மகனோ இது சீனாவில் விலை போகிற மூங்கில் காளான், சூப் வைக்கலாம் என்கிறான். விதை தருகிறேன், விளைந்ததை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சென்னை வியாபாரி ஒருவர் போனில் பேசுகிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா, காப்பர் பாக்கெட்டைப் பிரிக்காமல் கடையில் திருப்பிக் கொடுங்கள். இது நோய் இல்லை. உயிருள்ள வேரை இந்தக் காளான் தொடாது. மண்ணுக்குள் மட்கிக் கிடக்கும் பழைய கட்டை, செத்த வேர், சருகு இவைதான் இதற்குச் சாப்பாடு. நாற்றம் ஈக்களுக்கான அழைப்பு. தலையில் இருக்கும் பாசிப்பச்சைக் கொழகொழப்பில்தான் வித்து இருக்கிறது. அதை ஈ தின்று எடுத்துப் போய் வேறிடத்தில் போடும்.

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. வெள்ளை வலை உள்ள ஃபேலஸ் இண்டூசியேட்டஸ் என்ற இனத்தைச் சீனாவில் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். ஆனால் வலை கட்டியதெல்லாம் அது ஆகாது. மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ வலை இருந்தால் தொட வேண்டாம். சிவப்பாகக் கூண்டு மாதிரி விரிவதும் வேண்டாம். சாப்பிடக்கூடியதற்கு அடையாளம் இது: வெள்ளைத் தண்டு, உள்ளே குழல், தொட்டால் பஞ்சு. தலை தேன்கூடு போலக் குழிகுழியாக, உச்சியில் ஒரு ஓட்டை. பால் வெள்ளை வலை தண்டின் பாதிக்குக் கீழ் வரை தொங்கும். அடியில் முட்டைத்தோல் கிண்ணமாக நிற்கும். அதிலிருந்து நூல் மாதிரி வெள்ளை வேர் மண்ணுக்குள் போகும்.

உயிருக்கு ஆபத்து முட்டைப் பருவத்தில்தான். அமானிட்டா என்ற கொல்லிக் காளானும் முட்டையாகத்தான் வெளியே வரும், நம் வைக்கோல் காளான் மொட்டும் அப்படித்தான். மேலே பார்த்துச் சொல்ல முடியாது. கத்தியால் உச்சியிலிருந்து அடிவரை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். வலைக்காளானாக இருந்தால் தோலுக்கு உள்ளே நுங்கு மாதிரி வழுவழு ஜெல்லி, அதற்குள் பச்சை அடுக்கு, நடுவில் அமுக்கி மடித்த வெள்ளைத் தண்டு. அமானிட்டாவில் ஜெல்லி அடுக்கு இருக்காது. குட்டிக் குடை ஒன்று, அடியில் மடிப்பு மடிப்பான செவுளோடு படம் வரைந்தது போலத் தெரியும். இத்தனை சொன்ன பிறகும், உங்கள் வீட்டில் முட்டையைச் சமைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வலை விரிந்ததை மட்டும் எடுங்கள்.

விஷக் காளானா என்று அறிய வெள்ளிக்காசு போடுவது, பூண்டு கறுக்கிறதா பார்ப்பது, மஞ்சள் கரைத்து ஊற்றுவது, பூச்சி தின்றிருந்தால் நமக்கும் ஆகும் என்பது, எல்லாம் சுத்தப் பொய். அமானிட்டா விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டு 6 மணி முதல் 12 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி பேதி, அப்புறம் தேறின மாதிரி ஒரு நாள், அதற்குள் ஈரல் போயிருக்கும்.

பறிப்பது விடிந்ததும். வெயில் ஏறினால் வலை சுருங்கித் தண்டு சாய்ந்துவிடும். தலையைத் திருகினால் தொப்பி மாதிரி கழன்று வரும். தோப்பிலேயே போட்டுவிடுங்கள், அடுத்த வருஷ வித்து அது. அடிக்கிண்ணத்தையும் ஜெல்லியையும் அறுத்து எறியுங்கள். குழலுக்குள் எறும்பு இருக்கும், தண்ணீர் விட்டு அலசுங்கள். உப்புத் தண்ணீரில் 2, 3 நிமிஷம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிப் பிழிந்தால் வாடை போய்விடும். பிறகு நாட்டுக்கோழி சூப்பிலோ தெளிந்த மிளகு ரசத்திலோ 10 நிமிஷம். சாற்றைக் குடித்து நிற்கும் பஞ்சு இது. தனக்கென்று பெரிய ருசி கிடையாது. வறுவல் போட்டால் சட்டியில் ஒன்றும் மிஞ்சாது. முதல் தடவை பெரியவர் ஒருவர் மட்டும் ஒன்றிரண்டு துண்டு சாப்பிட்டு ஒரு நாள் பொறுங்கள். ஏதாவது ஆனால் டாக்டரிடம் காட்ட, சமைக்காத ஒன்றை ஃபிரிட்ஜில் வையுங்கள். கரையானுக்குக் குளோர்பைரிபாஸோ, குருணை மருந்தோ போட்ட தூர் என்றால் அதில் முளைத்ததைத் தின்னவே வேண்டாம். சாக்கடைத் தண்ணீர் பாயும் நிலத்துக்கும் இதேதான். காளான் ஈயம், காட்மியம் எல்லாவற்றையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய சருகு விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மூங்கில் மண்ணிலிருந்து எடுக்கும் சிலிக்காவும் சாம்பல் சத்தும் ஏராளம். அதில் கணிசமான பங்கு இலையில் போய் உட்காருகிறது. இலை விழுந்து மட்கினால் அதே தூருக்குத் திரும்பும். கொளுத்தினால் தழைச்சத்து புகையாகப் போகும், மிஞ்சும் சாம்பலை அடுத்த மழை வாய்க்காலில் அடித்துப் போகும், மேல்மண்ணில் இருக்கும் மெல்லிய வேரும் வெந்துபோகும். அப்புறம் குருத்து மெலிந்து வருகிறது என்று பொட்டாஷ் மூட்டை தூக்குவோம்! இலவசமாக விழுந்ததை எரித்துவிட்டுக் காசு கொடுத்து வாங்குகிற வேலை. சருகை அரை அடி உயரத்துக்குத் தூரைச் சுற்றி அணைத்து, சாணிக் கரைசல் தெளித்து, மேலே ஒரு கூடை மண் போடுங்கள். கோடையில் தீப்பிடிக்கும் பயம் நியாயமானது. அதற்கு வேலியோரம் 10 அடி அகலத்துக்கு மட்டும் சருகைத் தள்ளித் தரை தெரிய வையுங்கள், போதும். 9 வருஷத் தூரில் இவ்வளவு காளான் வருகிறதென்றால் நடுவில் முற்றிய கழிகள் செத்து நெரிந்து கிடக்கின்றன என்று அர்த்தம். 3 வருஷம் தாண்டியதை, தரையை ஒட்டிய முதல் கணுவுக்கு மேலே வெட்டி எடுங்கள்.

வியாபாரி. சீனாவிலேயே 1979 வாக்கில்தான் இதைப் பயிராக்கினார்கள். மூங்கில் சிராய், மரத்தூள் படுக்கை, மேலே மண் மூட்டம். வலை விரியும்போது காற்றில் 90 சதவீத ஈரம் வேண்டும், குறைந்தால் வலை ஒட்டிக்கொண்டு பிரியாது. செங்கல்பட்டுச் சித்திரை வெயிலில் அதை யார் கொடுப்பது? அந்த ஆளிடம் மூன்று கேளுங்கள்: எந்த இனம், விதைக்கு மூலமான தாய்வித்து எங்கே எந்தத் தேதியில் எடுத்தது, சென்ற வருஷம் யாரிடம் எத்தனை கிலோ திரும்ப வாங்கினார். முன்பணம் கேட்டு, திரும்ப வாங்குவேன் என்பதை வாயால் மட்டும் சொல்பவர் விதை விற்க வந்தவர், காளான் வாங்க வந்தவர் இல்லை. காய்ந்தது என்று அவர் காட்டும் பாக்கெட்டையும் முகர்ந்து பாருங்கள். பளீர் வெள்ளையும் தீக்குச்சி உரசின நெடியும் இருந்தால் கந்தகப் புகை போட்ட சரக்கு. புகை போடாதது லேசான மஞ்சள் ஓடியிருக்கும்.

காளான் வளர்த்தே ஆக வேண்டுமானால் பால் காளான் இருக்கிறது. 30 டிகிரிக்கு மேலும் விளையும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏபிகே 2 ரகம் 1998 முதல் புழக்கத்தில் இருக்கிறது.

அடுத்த மழைக்கு முளைப்பதில் ஒன்றை வலையோடும், ஒரு முட்டையை நெடுக்காகப் பிளந்தும், நிழலில் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள், மஞ்சள் வலையும் வெள்ளையாகத் தெரியும். அதுவரை சட்டி ஏற்ற வேண்டாம்.