கேரம் நல்லா ஆடுவேன், பூல்லயும் பந்து விழுது, ஆனா கேம் தோத்துடறேன். சொந்தமா கியூ (பந்தை அடிக்கற ஸ்டிக்) வாங்கினா சரியாகுமா?

கேள்வியோட விவரத்துல நீங்க எழுதினது: சொந்த ஊர் கடலூர், லீவு நாள்ல ஃப்ரெண்ட்ஸோட பாண்டி போய் பூல் டேபிள்ல 8 பால் ஆடுறீங்க (ஆளுக்கு ஒரு செட் பந்து, அதை முடிச்சிட்டு 8ஆம் நம்பர் பந்தைப் போட்டவர் ஜெயிப்பார்), சின்ன வயசுலேர்ந்து கேரம்ல நல்ல கை, கஷ்டமான பந்தெல்லாம் போட்டுடறீங்க ஆனா கடைசியில டேபிள் காசு கொடுக்கறது நீங்கதான். கியூ வாங்கலாமா, எதைப் பழகறது, அப்புறம் ஃப்ரெண்ட் ஒருத்தர் பந்தை லேசா தொட்டு வெள்ளையை ஒளிச்சு வெச்சிட்டுப் போறார், நீங்க அதை ஃபவுல்ங்கறீங்க, ஒவ்வொரு தடவையும் சண்டை வருது அதுக்கு என்ன தீர்ப்பு. மூணுக்கும் சொல்றேன்.

கியூ இப்ப வேணாம். உங்க கையில குறை இல்ல, கேரம் பழக்கம்தான் உங்களை இழுத்துப் பிடிக்குது. யோசிச்சுப் பாருங்க, கேரம்ல காய் விழுந்ததும் ஸ்ட்ரைக்கர் எங்க போய் நின்னாலும் கவலை இல்ல, எடுத்து நம்ம கோட்டுல எங்க வேணுமோ அங்க வெச்சு அடுத்த காயை அடிக்கலாம். அதனால கேரம்காரங்க மூளை பூரா காய்லயும் பாக்கெட்லயும்தான் இருக்கும், நம்ம கேரம் உலக சாம்பியன் மரிய இருதயம் மாதிரி அர்ஜுனா விருது வாங்கினவங்க ஆடினாலும் ஸ்ட்ரைக்கர் கைக்குத் திரும்பித்தான் வரும், அது அந்த ஆட்டத்தோட அமைப்பு. பூல்ல கியூவால நாம அடிக்கற வெள்ளை பந்து எங்க நின்னுச்சோ அங்கேர்ந்துதான் அடுத்த அடி. நீங்க ஒரு கஷ்டமான பந்தை அழகா போட்டுட்டு வெள்ளையை குஷனோட, அதாவது டேபிள் ஓர ரப்பரோட, ஒட்ட வெச்சிட்டு, அடுத்ததும் கஷ்டமா வருது, அதையும் போடுறீங்க, மூணாவது தவறுது. எதிராளி அஞ்சு சுலபமான பந்தை வரிசையா போட்டுட்டுப் போயிடறார். பாக்கறவங்களுக்கு நீங்கதான் பெரிய ஆட்டக்காரர் மாதிரி தெரியும், ஜெயிக்கறது அவர்.

அதனால முதல்ல பழக வேண்டியது ஒண்ணே ஒண்ணு, வெள்ளையை நிறுத்தறது. ஸ்டாப் ஷாட்னு சொல்வாங்க. ஒரு கலர் பந்தை கார்னர் பாக்கெட்டுக்கு நேரா வைங்க, அதே நேர்கோட்டுல ஒன்றரை அடி தள்ளி வெள்ளையை வைங்க. வெள்ளையோட நடுவுக்குக் கொஞ்சம் கீழ, கியூ நுனியில இருக்கற டிப்போட அகலத்துல பாதி கீழ இறக்கி, நிதானமான வேகத்துல அடிங்க. சரியா அடிச்சா டக்குனு ஒரு சத்தம், கலர் பந்து போயிடும், வெள்ளை மோதின இடத்துலயே அப்படியே நிக்கும். ஒரு இஞ்ச் கூட நகரக்கூடாது, அதான் பரீட்சை.

ஏன் நிக்குதுன்னு புரிஞ்சா மத்ததெல்லாம் தானா வரும். ரெண்டு பந்தும் கிட்டத்தட்ட ஒரே எடை, நேருக்கு நேர் மோதினா வெள்ளையோட வேகம் முழுக்க மத்ததுக்குப் போயிடும். ஆனா வெள்ளை உருண்டுகிட்டே போய் மோதினா வேகம் போனாலும் அந்த உருளல் மிச்சம் இருக்கும், அதனால முன்னாடி போய்கிட்டே இருக்கும், சில சமயம் பின்னாடியே போய் பாக்கெட்லயும் விழும். நடுவுல அடிச்ச பந்து முதல்ல சறுக்கும், அப்புறம் துணி பிடிச்சு உருள ஆரம்பிக்கும். கீழ அடிச்சா பின்சுழலோட கிளம்பும், துணி அந்தச் சுழலைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும். மோதற நேரத்துல சுழல் சரியா பூஜ்யம் ஆகியிருந்தா நிக்கும், சுழல் இன்னும் மிச்சம் இருந்தா பின்னாடி வரும், அதான் ஸ்க்ரூ. அதனால தூரம் கூடக் கூட இன்னும் கீழ அடிக்கணும், இல்லன்னா இன்னும் வேகமா அடிக்கணும். ஒன்றரை அடியில நின்னதும் மூணு அடிக்குப் போங்க, அப்புறம் பாதி டேபிள். எவ்வளவு கீழ இறக்கலாம்னா நடுவுக்கும் ஓரத்துக்கும் சரிபாதி வரைக்கும்தான், அதைத் தாண்டினா டிப் வழுக்கி மிஸ்கியூ ஆகும்.

இது கைக்கு வந்துட்டா வெட்டி அடிக்கற, அதாவது நேரா இல்லாம ஓரமா பட அடிக்கற, பந்துலயும் வெள்ளை எங்க போகும்னு முன்கூட்டியே சொல்லலாம். வெள்ளை சுழல் இல்லாம சறுக்கிகிட்டே போய் மோதினா, கலர் பந்து போற திசைக்கு 90 டிகிரியில வெள்ளை விலகும், எந்த வெட்டா இருந்தாலும் சரி. வெள்ளை இயல்பா உருண்டு போய் மோதினா, ரொம்ப முழுசாவும் இல்லாம ரொம்ப மெலிசாவும் இல்லாம கலர் பந்துல கால்வாசியிலேர்ந்து முக்கால்வாசி வரைக்கும் மறைக்கற மாதிரி பட்டா, தான் வந்த கோட்டுலேர்ந்து சுமார் 30 டிகிரி விலகிப் போகும். அந்த 30 டிகிரி கையிலயே இருக்கு, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வெற்றிக்கு காட்டற மாதிரி நல்லா விரிச்சா ஏறக்குறைய அந்தக் கோணம்தான். ஒரு விரலை வெள்ளை வர்ற திசையில வெச்சுப் பாருங்க, இன்னொரு விரல் காட்டற பக்கம் வெள்ளை போகும். நடு வழியில பாக்கெட் இருந்தா இப்பவே தெரிஞ்சிடும், வேற மாதிரி அடிக்கலாம். பாண்டியில பாக்கற பல பசங்க வெள்ளை விழுந்ததும் லக் இல்லன்னு தலையில அடிச்சுக்கறாங்க, ஆனா அது அடிக்கறதுக்கு முன்னாடியே பாத்திருக்கக் கூடிய விஷயம்.

சைடு மட்டும் இப்போதைக்குத் தொடாதீங்க. வெள்ளையோட இடது வலது பக்கம் அடிச்சா மூணு விஷயம் ஒரே சமயத்துல நடக்குது, கியூ பட்ட உடனே வெள்ளை எதிர்ப்பக்கம் கொஞ்சம் விலகிக் கிளம்பும், போற வழியில வளையும், மோதும்போது கலர் பந்தை ஒரு பக்கம் தள்ளிவிடும். இத்தனையும் கணக்குப் போட வருஷக்கணக்கா ஆடணும். மேல, நடு, கீழ, அப்புறம் வேகம், இவ்வளவை வெச்சே பார்லர்ல பாதி பேரை ஜெயிக்கலாம், இது சும்மா தைரியத்துக்குச் சொல்றது இல்ல.

கை விஷயத்துலயும் கேரம் ஒரு இடைஞ்சல் பண்ணும். அங்க விரலால சுண்டறோம், வேலை சட்டுனு முடியும். இங்க சுண்டினா போச்சு. கியூவைப் பின்னாடி பிடிக்கற கையோட பிடி இறுகக்கூடாது, கியூ விரல்ல தொங்கற மாதிரி இருக்கணும், அந்தக் கையோட முழங்கை மேல நிலையா நிக்க, அதுக்குக் கீழ இருக்கற முன்கை மட்டும் ஊசல் மாதிரி ஆடணும், பந்தைத் தொடும்போது முன்கை நேரா கீழ தொங்கணும். அடிச்ச பிறகும் டிப் வெள்ளை இருந்த இடத்தைத் தாண்டி முன்னாடி போகணும், தலை அசையக்கூடாது. கேரம்லேர்ந்து வர்றவங்க அடிச்ச உடனே நிமிர்ந்துடறாங்க, பந்து விழுதான்னு பாக்கற அவசரம். பந்து விழற சத்தம் காதுல கேட்ட பிறகு நிமிருங்க. கேரம்ல வந்த ஒரு பெரிய லாபம் உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு, வெட்டற கோணம் கண்ணுலயே படியறது, அதுக்குத்தான் மத்தவங்க மாசக்கணக்கா மண்டையை உடைச்சுக்கறாங்க.

இப்ப சாமான் விஷயம். கியூவுல ஆட்டத்தை மாத்தற இடம் நுனியில இருக்கற தோல் டிப்தான். பிரெஞ்சுக்காரர் மிங்கோ 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல தோல் டிப்பைக் கொண்டு வந்த பிறகுதான் பந்தைச் சுழட்டி அடிக்கறதே கையாளற மாதிரி ஆச்சு. பார்லர்ல ஸ்டிக் எடுக்கும்போது எல்லாரும் எடை பாக்கறாங்க, வளைஞ்சிருக்கான்னு பாக்கறாங்க, நான் முதல்ல கட்டை விரலை டிப் மேல வெச்சுத் தடவிப் பாப்பேன். லேசா குவிஞ்சு சொரசொரப்பா இருந்தா அது நல்ல ஸ்டிக். தட்டையா, கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தாலோ ஓரம் பிதுங்கி காளான் மாதிரி விரிஞ்சிருந்தாலோ வேற எடுங்க, அதுல நாம தடவற சாக் நிக்காது, கீழ அடிச்சா வழுக்கும். சாக்கைப் பத்தி ஒரு வார்த்தை, அது கரும்பலகை சாக்பீஸ் கிடையாது, 1897ல அமெரிக்காவுல ஸ்பிங்ஸ், ஹாஸ்கின்ஸ்னு ரெண்டு பேர் காப்புரிமை வாங்கின கலவை, சிலிக்காவோட அரம் மாதிரி உராயற பொடி சேர்ந்தது. டிப்பை உள்ள விட்டுத் திருகாதீங்க, நடுவுல குழி விழுந்து ஓரத்துல சாக் படாது, மேல பூசற மாதிரி தடவுங்க, ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி.

பார்லர்ல பூல் டேபிளுக்கும் ஸ்நூக்கர் ஸ்டிக்கையே கொடுக்கறாங்களான்னும் பாருங்க. ஸ்நூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர், கியூ டிப் 9, 10 மில்லிமீட்டர். பூல் பந்து 57 மில்லிமீட்டர், எடையும் கூட, அதுக்கு 12, 13 மில்லிமீட்டர் டிப்தான் பொருத்தம். மெல்லிசு டிப்ல ஆடலாம் தப்பில்ல, ஆனா கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் நமக்கே தெரியாம சைடு விழும்.

பின்னாடி கியூ வாங்கணும்னு தோணினா 57, 58 இஞ்ச் நீளம், 19 அவுன்ஸ் பக்கம் எடை, அதாவது 540 கிராம் மாதிரி, நடுவுல கழட்டி மாட்டற மேப்பிள் மரம், அவ்வளவு போதும். டிசைனுக்கும் பெயிண்ட்டுக்கும் காசு கொட்டாதீங்க. நம்ம ஊர் கடற்கரை ஊர்ங்கறதால ஒண்ணு முக்கியம், கியூவை சுவர்ல சாய்ச்சு வெக்காதீங்க, வெயில்ல கார்ல விட்டுட்டுப் போகாதீங்க, உப்புக் காத்தும் ஈரமும் சேர்ந்தா மரம் வளையும். பெட்டியில போட்டு வைங்க.

டேபிளையும் இந்தக் காத்து விடறதில்ல. ஐப்பசி கார்த்திகை மழையில துணி ஈரத்தை இழுத்துக்கும், பந்து ஓட்டம் குறையும், சித்திரையில ஏசி ரூம்ல சரியா வந்த வேகம் அப்ப ரெண்டு அடி முன்னாடியே நின்னுடும். முதல் கேமுக்கு முன்னாடி வெள்ளையை எதிர் குஷனுக்கு அடிச்சுத் திரும்பி எவ்வளவு தூரம் வருதுன்னு பாத்துடுங்க, அன்னிக்கு டேபிளோட வேகம் தெரிஞ்சிடும். பிரெஞ்சுக்காரங்க ஆடற கேரம் பில்லியர்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, நம்ம கேரம் இல்ல, பாக்கெட்டே இல்லாத டேபிள்ல மூணு பந்து, நம்ம பந்தால மத்த ரெண்டையும் தொட்டா ஒரு பாயிண்ட். அதுல போட்டி டேபிள்ல ஈரம் தங்காம இருக்க அடியில இருக்கற ஸ்லேட் கல்லையே சூடு பண்ணி வெக்கறாங்க, ஈரம் அவ்வளவு பெரிய விஷயம். வீட்டுக்கு டேபிள் வாங்கற எண்ணம் யாருக்காவது இருந்தா மரத்தூள் பலகை போட்டது வேணாம், கடலூர் பாண்டி ஈரத்துக்கு அது ஊதிடும், ஸ்லேட் கல்தான்.

ரூல் சண்டைக்கு வருவோம். உலக பூல் சங்கத்தோட விதிப்படி, வெள்ளை முதல்ல உங்க செட் பந்தைத் தொடணும், தொட்ட பிறகு ஏதாவது ஒரு பந்து பாக்கெட்ல விழணும், இல்லன்னா ஏதாவது ஒரு பந்து குஷனைத் தொடணும், அது வெள்ளையா இருந்தாலும் சரி. எந்தப் பந்தும் விழாம, எதுவும் குஷனையும் தொடாம போனா ஃபவுல். லேசா தொட்டு ஒளிச்சு வெச்சிட்டுப் போறவங்க இதுலதான் மாட்டறாங்க, உங்க ஃப்ரெண்ட் பண்றது ஃபவுல்தான், நீங்க சொன்னது சரி. பிரேக்ல, அதாவது கேமை ஆரம்பிக்கற முதல் அடியில, விழுந்த பந்தை வெச்சு செட் முடிவாகாது, அதுக்கப்புறம் எந்தப் பந்து எந்த பாக்கெட்னு சொல்லி அடிச்சு ஒழுங்கா போட்ட பந்துதான் முடிவு பண்ணும். 8ஐ அடிக்கும்போது வெள்ளை மட்டும் விழுந்து 8 விழலன்னா அது வெறும் ஃபவுல், கேம் போகாது. 8உம் சேர்ந்து விழுந்தா கேம் போச்சு. பிரேக்குக்கு அப்புறம் ஃபவுல்னா எதிராளி வெள்ளையைக் கையில எடுத்து டேபிள்ல எங்க வேணாலும் வெக்கலாம், பிரேக் அடிக்கற கோட்டுக்குப் பின்னாடி மட்டும்தான்னு சில இடத்துல சொல்றது அந்தந்த பார்லர் வழக்கம். எதை வெச்சு ஆடுறோம்னு பிரேக்குக்கு முன்னாடியே பேசிடுங்க.

அந்த வெள்ளை உங்க கைக்கு வரும்போதுதான் கேரம் பழக்கம் திரும்ப எட்டிப் பாக்கும், ஸ்ட்ரைக்கர் கைக்கு வந்த சந்தோஷத்துல இருக்கறதுலயே சுலபமான பந்துக்கு எதிர்ல வெச்சுப் போட்டுடத் தோணும். சுலபமான பந்து எங்கேயும் ஓடிடாது. உங்க செட்ல எது குஷனோட ஒட்டிக் கிடக்கு, எது ரெண்டு எதிரி பந்துக்கு நடுவுல மாட்டியிருக்கு, அதைப் பாருங்க. வெள்ளையைக் கையில வெச்சிருக்கும்போதே அதைப் போடுங்க, இல்லன்னா பக்கத்துப் பந்தைப் போட்டுட்டு அந்தக் கும்பலை வெள்ளை மெதுவா தட்டிப் பிரிக்கற மாதிரி கோணம் வெச்சுக்குங்க. 8க்கு எந்த பாக்கெட், அதுக்கு வெள்ளை எங்க நிக்கணும், அங்க வர்றதுக்கு எந்தப் பந்து கடைசியா இருக்கணும்னு பின்னாடிலேர்ந்து எண்ணிகிட்டு வாங்க. தனியா பழகும்போது முழு ரேக், அதாவது எல்லாப் பந்தும், வேணாம், மூணு பந்தும் 8உம் மட்டும் பரப்பி வெச்சு, வெள்ளையைக் கையால வெச்சு ஆரம்பிச்சு, சைடு தொடாம நாலையும் முடிக்கப் பாருங்க. முடிஞ்சுதுன்னா ஒரு பந்து கூட்டுங்க.