எட்டு மணி நேரம் தூங்கியும் கண் சொக்குகிறதா?

கேள்வி: என் கணவருக்கு 51 வயது. பள்ளி வேன் ஓட்டுகிறார். இரவு 9.30-க்குப் படுத்துக் காலை 5.30-க்கு எழுவார். குடி, சிகரெட் கிடையாது. ஆனால் குறட்டை பக்கத்து அறை வரை கேட்கும். பகலில் சும்மா உட்கார்ந்தாலே தூங்கிவிடுகிறார். பி.பி.க்கு மூன்று மாத்திரை சாப்பிட்டும் இறங்கவில்லை. ஆள் ஒல்லிதான். நன்றாகத் தூங்குவதற்கென்று மெடிக்கலில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நான்கு நாளாகத் தருகிறேன். தொடரலாமா?
- வாசகி, கரூர்

பதில்: வேண்டாம் அம்மா. இன்றிரவே நிறுத்திவிடுங்கள். நான்கு நாள்தான் என்பதால் இப்படிச் சொல்கிறேன். மாதக்கணக்கில் சாப்பிட்டு வருபவர்கள் திடீரென நிறுத்தக் கூடாது.

நேரத்துக்குப் படுப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் உள்ளே மூச்சு சீராகப் போனால்தான் அதன் பலன் கிடைக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தூக்கத்தில் அவருக்குத் தொண்டை அடைபடுவதாகவே சந்தேகப்படுகிறேன். ஒவ்வொரு அடைப்பிலும் பத்து விநாடிக்கு மேல் மூச்சு நிற்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி எழுப்பும். அவருக்கு நினைவிருக்காது. மணிக்கு 30 முறைக்கு மேல் இப்படி நடந்தால் கடுமையான நிலை. இரவெல்லாம் இந்தப் போராட்டம் நடந்தால் பி.பி. எப்படி இறங்கும்? வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் வரை போகலாம்.

நீங்கள் பெயர் எழுதவில்லை. இப்படி மெடிக்கலில் தருவது பெரும்பாலும் அல்பிரசோலமாக இருக்கும். அது அடைபடும் தொண்டையை இன்னும் தளர்த்தும், விழித்துக்கொள்ளும் பதற்றத்தையும் மழுங்கடிக்கும். மறுநாள் காலை வேன் ஓட்டும்போதும் மந்தம் இருக்கும். சீட்டு இல்லாமல் இதைத் தரக் கூடாது, வாங்கியவர் பெயரையும் எழுதிய மருத்துவர் பெயரையும் கடையில் பதிந்து வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இருந்தும் எத்தனை கடைகளில் கேட்ட மாத்திரத்தில் கிள்ளிக் கொடுக்கிறார்கள்!

'ஒல்லிதான்' என்று எழுதியிருப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். குண்டானவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைத்துப் பலர் வராமலே இருந்துவிடுகிறார்கள். கீழ்த்தாடை சிறியதாக, உள்வாங்கி இருந்தால் நாக்குக்கு உள்ளே இடம் குறைவு; அது எளிதில் பின்னால் சரியும். எடை 60 கிலோ இருந்தாலும் தொண்டை அடைபடும். அவரைப் பக்கவாட்டில் நிற்கவைத்துப் பாருங்கள். மோவாய் உதட்டைவிட நன்றாகப் பின்தள்ளி இருக்கிறதா? அப்படியென்றால் ஒல்லி என்பதை மறந்துவிடுங்கள். மோவாய் சரியாக இருந்தாலும் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம்; டான்சில் பெரிதாக இருந்தாலும் இதே கதைதான். எடை குறைப்பது குண்டானவர்களுக்கு நல்ல மருந்து. உங்கள் கணவரைப் பட்டினி போட வேண்டாம்.

நுரையீரல் மருத்துவரையோ காது மூக்குத் தொண்டை மருத்துவரையோ பாருங்கள். அவர் குறட்டை விட்டு, மூச்சு நின்று, திணறி எழும் காட்சியை போனில் எடுத்துக்கொண்டு போங்கள். இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறார், காலையில் தலைவலி, வாய் வறட்சி உண்டா என்பதையும் சொல்லுங்கள். ஓர் இரவுத் தூக்கப் பரிசோதனை எழுதித் தருவார்.

இங்கேதான் இடைத்தரகர்கள் நுழைவார்கள். 'வீட்டுக்கே வந்து இலவசமாக டெஸ்ட் எடுக்கிறோம்' என்பார்கள். அடுத்த நாளே 'சிபாப்' மெஷினோடு நிற்பார்கள். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டை அடைபடாமல் வைக்கும் கருவி அது. சிபாப் நல்ல சிகிச்சை. நானே பலருக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் மெஷின் விற்பவரே பரிசோதனை அறிக்கையைப் படித்துச் சொன்னால் எல்லோருக்கும் மெஷின் தேவைப்படும்! போதாததற்கு, மூச்சை இழுக்கும்போது ஓர் அழுத்தம், விடும்போது வேறு அழுத்தம் தரும், விலை அதிகமான 'பைபாப்'பைத் தலையில் கட்டுவார்கள். வெறும் தொண்டை அடைப்புக்குப் பெரும்பாலும் சிபாப்பே போதும். மருத்துவர் அழுத்தத்தை எழுதித் தந்த பிறகு, முதலில் வாடகைக்கு எடுங்கள். முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க்கால்தான் பல மெஷின்கள் பரணில் கிடக்கின்றன. அதை மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவர் ஓட்டுநர் உரிமத்துக்கு மருத்துவச் சான்று தர வேண்டும். கண் பார்க்கிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள். 'வண்டியில் கண் அசருகிறதா?' என்று ஒருவரும் கேட்பதில்லை. பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்குமா இந்த அலட்சியம்? அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். பரிசோதனை முடிந்து, சிகிச்சையில் பகல் தூக்கம் விலகி, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வேனை வேறொருவர் ஓட்டட்டும். சம்பளம் போகுமே என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் நாள் கடத்தாமல் இந்த வாரமே போகச் சொல்கிறேன்.